ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மனத்திடம் சொல்லித்தர உதவி வேண்டும்

வணக்கம். நான் ஏழாம் வகுப்பு ஆசிரியை. போன வாரம் கணக்குத் தேர்வுத்தாளைத் திருப்பிக் கொடுத்தேன். 25க்கு 9 வாங்கிய ஒரு பெண், தாளை எட்டாக மடித்து உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டு, "எனக்கு எதுவுமே வராது மிஸ், எப்பவுமே இப்படித்தான்" என்றாள். அந்த 'எதுவுமே'யும் 'எப்பவுமே'யும் என் மனதை விட்டுப் போகவில்லை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் உருவாக்கிய பள்ளிப் பயிற்சி இந்த இடத்தைத்தான் தொடுகிறது. நடந்தது என்ன, அதைப் பற்றி எனக்குள் சொல்லிக்கொண்டது என்ன, அதனால் வந்த உணர்வு என்ன என்று பிரித்துப் பார்க்கப் பழக்குகிறார்கள். அப்புறம் அந்த எண்ணம் சரிதானா என்று ஆதாரம் தேட வைக்கிறார்கள். வெறுமனே 'நல்லதையே நினை' என்று சொல்வதில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. 2007இல் இங்கிலாந்துப் பள்ளிகளில் தொடங்கியபோது மனச்சோர்வு அறிகுறிகள் சற்றுக் குறைந்தன. ஆனால் அந்தப் பலன் நீடிக்கவில்லை. அதனால் வருடம் முழுக்கத் தொடர நினைக்கிறேன்.

தமிழில் இதை வகுப்பில் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? வாரம் ஒரு பாடவேளைதான் கிடைக்கும். நம் பிள்ளைகள் வாழ்க்கையிலிருந்து எடுத்த சின்னச் சூழல்கள், பயிற்சித்தாள்கள் இருந்தால் பகிருங்கள். பேசவே தயங்கும் பிள்ளையை எப்படிப் பேச வைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.