பாயின்ட்டில் 5 மில்லி போதுமா?

ரிலேராஜா:
பக்கத்து இழையில் ஒரு மேதாவி, "ரயில்வேயில் பாயின்ட்டை யாருமே பார்ப்பதில்லை, எல்லாம் கடவுள் விட்ட வழி" என்று எழுதியிருக்கிறார். பாயின்ட் என்றால் ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடம். சிக்னல் பிரிவுக்காரனான எனக்கு வயிறு எரிகிறது. நகரும் தண்டவாளமான டங் ரயிலின் நுனியிலிருந்து 150 மில்லிமீட்டர் தள்ளி, அதற்கும் நகராத ஸ்டாக் ரயிலுக்கும் நடுவில் 5 மில்லிமீட்டர் தகடு வைத்து, பாயின்ட்டை நகர்த்தும் மெஷினை ஓட்டிப் பார்க்கிறோம். பாயின்ட் பூட்டக் கூடாது, சிக்னல் வரக் கூடாது. அப்புறம் எப்படி ஐயா தடம் புரளும்?

தடம்பார்த்தான்:
எப்படியா? 2024 அக்டோபர் 11, கவரைப்பேட்டை. சிக்னல் மெயின் லைனுக்குப் பச்சை. பாக்மதி எக்ஸ்பிரஸ் போனதோ பக்கத்தில் பிரியும் லூப் லைனுக்குள், நின்றிருந்த சரக்கு ரயில் மேல். உங்கள் 5 மில்லி அன்றைக்கு லீவா?

ரிலேராஜா:
அங்கே பாகங்களையே கழற்றியிருந்தார்கள். சதிவேலைக்கு நான் என்ன செய்ய? 5 மில்லி சோதனையில் குறை இருந்தால் சொல்லுங்கள்.

ஜன்னலோரம்:
ரயிலைத் தானாக நிறுத்தும் பாதுகாப்புக் கருவியான கவச் இருந்திருந்தால் தப்பித்திருக்குமா?

ரிலேராஜா:
தம்பி, கவச் சிக்னலை நம்பி ஓடுவது. சிக்னல் பச்சை என்றால் அதற்கும் பச்சைதான். இங்கே பேச்சு 5 மில்லி பற்றி.

தடம்பார்த்தான்:
சரி, சதியை விடுங்கள். இங்கிலாந்தில் பாட்டர்ஸ் பார் என்ற ஊர், 2002 மே. இரண்டு டங் ரயில்களையும் இணைக்கும் ஸ்ட்ரெச்சர் பார் கம்பியின் நட்டுகள் கழன்று, ரயில் மேலே ஓடிக்கொண்டிருக்கும்போதே பாயின்ட் நகர்ந்தது. முன் பெட்டிகள் போய்விட்டன, கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தில் ஏறிவிட்டது. 7 பேர் செத்தார்கள். ரயில் உள்ளே வந்த பிறகு சிக்னல் சிவப்பானால் யாருக்கு லாபம்? பாயின்ட்டைக் காப்பது நட்டு. அந்த நட்டை முடுக்குவது எங்கள் ஆள், தடப் பிரிவுக்காரன், வெயிலில்.

ரிலேராஜா:
வந்துவிட்டது பார், "எங்கள் ஆள்"! ஸ்லீப்பர் கட்டைக்கு அடியில் ஜல்லியைச் சரியாகப் பேக்கிங் செய்யாமல், பாயின்ட் ஆடினால் "சிக்னல் ஃபெயிலியர்" என்று எங்கள் தலையில் கட்டுவதும் உங்கள் ஆள்தானே?

தடம்பார்த்தான்:
பாலசோர் விபத்து யார் தலையில்? 2023 ஜூன் 2. லெவல் கிராசிங் கேட் வேலையில் ஒயரை மாற்றி இணைத்தது ஜல்லியா? பாயின்ட் லூப்புக்குத் திரும்பியிருக்க, சிக்னல் மெயின் லைனுக்கு. 290 பேருக்கு மேல் செத்தார்கள். டங் ரயில் கச்சிதமாக ஒட்டித்தான் இருந்தது, உங்கள் தகடு நுழைய இடமே இல்லை!

ரிலேராஜா:
அது வயரிங். 5 மில்லிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்றால் பாலசோருக்கு ஓடுவது. போன வருடம் வெல்டிங் இழையிலும் இதே வேலை காட்டினீர்கள், மறக்கவில்லை.

தடம்பார்த்தான்:
வெல்டிங் இழையில் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஜன்னலோரம்:
ரயில் வருவதற்கு முன் நட்டு தளர்ந்ததைக் காட்ட ஒரு சென்சார் வைக்க முடியாதா?

ரிலேராஜா:
வைக்கலாம். சென்சார் நட்டை யார் முடுக்குவார்? 2007இல் இங்கிலாந்தின் கிரேரிக்கில் ரயில் தடம் புரண்டதே, அங்கே ஆள் நடந்து பார்க்க வேண்டிய ஆய்வே அந்தப் பாயின்ட்டுக்கு நடக்கவில்லை. அதுவும் தட ஆய்வுதான், சிக்னல்காரன் அல்ல. குறித்துக்கொள்ளுங்கள்.

தடம்பார்த்தான்:
ஆக, நட்டுதான் காரணம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

ரிலேராஜா:
நான் எங்கே சொன்னேன்? 150 மில்லி, 5 மில்லி. மேலே போய் மறுபடி படியுங்கள். கூட்டு ஆய்வில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் பிரிவின் கையெழுத்தும் இருக்கும், அதையும் பாருங்கள்.

தடம்பார்த்தான்:
கையெழுத்துக் கதையை எடுக்காதீர்கள். எடுத்தால் இந்த இழை தாங்காது.