டெம்ப்ளேட்: 'வார்ப்புரு' இருக்கட்டும், 'பொருத்தம்' வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

சி++ நிரலாக்க மொழிக்கான தமிழ்க் கலைச்சொற்களைப் பற்றிய பேச்சு இது. தரவினத்தை (டைப்) வெற்றிடமாக விட்டு எழுதிவைக்கும் டெம்ப்ளேட்டுக்கு 'மாதிரி' போதும் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மாதிரி வீடு என்றால் அதுவும் ஒரு வீடுதான். உள்ளே போய்ப் பார்க்கலாம். டெம்ப்ளேட் அப்படி ஒரு செயல்கூறு (ஃபங்ஷன்) அன்று. எழுதி வைத்துவிட்டு எங்கும் அழைக்காமல் விட்டால், அதற்கென்று இயந்திரக் கட்டளை ஒன்றுகூடப் பிறக்காது. இன்ட் (முழு எண்) கொடுத்து அழைத்தால் இன்ட்டுக்கு ஒன்று, டபுள் (பதின்ம எண்) கொடுத்தால் டபுளுக்கு ஒன்று என நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) வார்த்தெடுக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்கெனவே புழங்கும் 'வார்ப்புரு'வே இதற்குப் பொருந்தும். இப்படித் தரவினத்துக்கு ஒன்றாக உருவாக்கும் இன்ஸ்டான்ஷியேஷனுக்கு 'வார்த்தெடுத்தல்' கூடவே வந்துவிடுகிறது. ஒரு மதிப்பை வேறு தரவினமாக்கும் டைப் காஸ்டிங்கை மட்டும் 'வார்ப்பு' என்று எழுதாமல் 'தரவினமாற்றம்' என்றே எழுதுவோம்.

சிக்கல், கொடுத்த மதிப்புகளிலிருந்து தரவினத்தை நிரல்பெயர்ப்பியே கண்டறியும் டைப் டிடக்‌ஷனில்தான். அதற்குச் சொல்லப்பட்ட 'தரவினப் பொருத்தம்' என்றதும் பத்துக்கு எட்டுப் பொருந்தினால் போதும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. இங்கே நடப்பது வேறு. இரண்டு அளபுருக்களும் (பாராமீட்டர்) ஒரே தரவினம் என்று அறிவித்த 'பெரியது' என்னும் வார்ப்புருவை எடுத்துக்கொள்வோம். பெரியது(3, 7) என்றால் இன்ட். பெரியது(3, 4.5) என்று அழைத்தால் முதல் மதிப்பு இன்ட் என்கிறது, அடுத்தது டபுள் என்கிறது. நிரல்பெயர்ப்பி அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும், 3ஐ 3.0 ஆக்கிப் பார்ப்போமே என்று இறங்கி வராது. பெரியது<டபுள்>(3, 4.5) என்று நாமே தரவினத்தைச் சொன்னால் 3 தானாக மாறிக்கொள்ளும். ஆனால் அப்போது கண்டறிய எதுவும் மிச்சமில்லை.

அதற்கு 'அனுமானம்' என்று வைக்கலாமா என்றால், அது பழைய தருக்கச் சொல்தான். பேச்சில் அது உத்தேசம் ஆகிவிட்டது. நிரல்பெயர்ப்பி எதையும் உத்தேசமாகச் செய்வதில்லை. நன்னூலின் 32 உத்திகளில் கடைசி 'உய்த்துணர வைப்பு'. வெளிப்படச் சொல்லாததைச் சொன்னதிலிருந்து அறிய வைப்பது. எவ்வளவு அழகாக அமைகிறது! 'தரவின உய்த்துணர்வு' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. சி++இன் 2011 தரநிலையில் ஆட்டோவுக்கும் (தரவினத்தைச் சொல்லாமல் மாறியை அறிவிக்க உதவும் சொல்), 2017இல் இனக்குழு (கிளாஸ்) வார்ப்புருக்களுக்கும் ஏறக்குறைய இதே விதிகள் விரிந்துவிட்டதால், இந்தச் சொல் இனி அடிக்கடி வேண்டியிருக்கும்.

ஒரு குறிப்பிட்ட தரவினத்துக்கு மட்டும் வார்ப்புருவைத் தனியாக எழுதும் ஸ்பெஷலைசேஷனுக்கு 'தனிவார்ப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். பூல் (மெய்/பொய்) மதிப்புகளை ஒவ்வொரு பிட்டாக அடுக்கிக்கொள்ள, மதிப்புகளை வரிசையாக வைக்கும் வெக்டர் வார்ப்புருவுக்கு அப்படி ஒன்று உண்டே, அதை மனத்தில் வைத்துத்தான். முழு மனநிறைவு இல்லை. வேறு சொல் தோன்றினால் சொல்லுங்கள்.