கூத்துப் பயிற்சி கேமரா முன்னால் உதவுமா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். இருப்பது பெங்களூரு மடிவாளா, வேலை ஐடி, நடிப்பு சனி ஞாயிறு மட்டும். மூன்று வருடம் முன்பு, செய்யாறு பக்கமிருந்து வந்த தெருக்கூத்து வாத்தியார் ஒருவரிடம் பத்து நாள் பயிற்சி. வசனம் பேச வைப்பார் என்று போனால், காலில் சலங்கையைக் கட்டிவிட்டு "சத்தம் வராம சும்மா நில்லுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஒரு நிமிடம்கூட முடியவில்லை. அசையவே இல்லை என்று நான் சத்தியம் செய்வேன், சலங்கை காட்டிக்கொடுத்துவிடும். நமக்கே தெரியாமல் கால் மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

போன மாதம் இந்திராநகரில் ஒரு வெப் சீரிஸ் ஆடிஷன். முதல் டேக்கில் கூத்துக் குரல் வந்துவிட்டது. "சார், மைக் உங்க சட்டையிலதான் இருக்கு" என்று சிரித்தார்கள். மானம் போயிற்று. அப்புறம் குளோசப். சலங்கை கட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு நின்றேன். வந்தவர்களில் பாதிப் பேர் ஆடிக்கொண்டே பேசுவதால் முகம் ஃபோகஸில் நிற்பதில்லை, உங்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை என்றார் கேமராமேன். கிடைத்தது பேங்க் மேனேஜர் வேடம், இரண்டே வசனம்!

ஜெயநகர்க்காரி:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன் சார். ஜே.பி. நகர் ரங்க சங்கரா நாடக அரங்கில் நடித்திருக்கிறேன். நாடகம் தொடங்கிவிட்டால் தாமதமாக வருபவர்களை உள்ளே விடமாட்டார்கள், அந்த அமைதியில் கடைசி வரிசைவரை கேட்கும்படி பேசிப் பழகிய குரல் என்னுடையது. அதை விளம்பரப் படத்துக்காக அடக்க ஆறு மாதம் ஆனது, நடுவில் இரண்டு வாய்ப்பும் கைவிட்டுப் போச்சு. ஏற்றத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், இறக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அல்சூர் ரசிகன்:
அம்மா சொல்வதும் சரிதான். ஆனால் 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து வந்த பசுபதியையும் குரு சோமசுந்தரத்தையும் பாருங்கள், இறக்கத் தெரியாதவர்களா? (விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதப் போனவர், அது தனிக்கதை.) ஊரில் சின்ன வயதில் கூத்து பார்க்கும்போது எனக்குப் பிடித்தது திரைப் பிரவேசம். இரண்டு பேர் துணியைப் பிடித்துக்கொள்வார்கள், வேடக்காரர் பின்னால் நின்று பாடியபடி தான் யாரென்று சொல்வார், நமக்குத் தெரிவது கிரீடத்தின் நுனியும் காலும்தான். முகம் கடைசியில் வரும். கேமராவுக்கு முகம்தான் முதலில், அதனால்தான் இந்தக் குழப்பம் என்று தோன்றுகிறது.

மடிவாளா தம்பி, அந்த வாத்தியார் மறுபடி வந்தால் சொல்லுங்கள். வீட்டில் ஒரு ஜோடி சலங்கை சும்மா கிடக்கிறது.