30 அடித் தெருவில் வணிக வளாகம், பக்கத்திலேயே ஸ்டில்ட் + 5: எதை எங்கே எதிர்ப்பது?

கேள்வி (தெருக்கோடி)

தென்சென்னையில் 30 அடிக் குடியிருப்புத் தெரு. ஒரே சமயத்தில் இரண்டு விஷயம் வந்து நிற்கிறது.

ஒன்று, தெருமுனையில் மூடிக் கிடக்கும் பள்ளி வளாகம். ஏறத்தாழ 14 கிரவுண்டு (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி). நிறுவனப் பயன்பாட்டில் இருப்பதை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்ற விண்ணப்பம் வந்திருப்பதாகவும், ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்றும் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) நாளிதழில் அறிவிப்பு கொடுத்திருக்கிறது.

இரண்டு, நடுத்தெருவில் 4 கிரவுண்டு மனையில் ஸ்டில்ட்டும் (தூண்கள் மட்டும் நிற்கும் பார்க்கிங் தளம்) ஐந்து தளமும் எழும்புகிறது. மூன்றாம் தளத்துக்கு சென்ட்ரிங் அடிக்கிறார்கள். பக்கவாட்டில் செட்பேக், அதாவது எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி, குறைவாகத் தெரிகிறது. அனுமதி விவரப் பலகை எதையும் காணோம்.

சங்கக் கூட்டத்தில் மூன்று கட்சி. இரண்டையும் நிறுத்த வேண்டும் என்பவர்கள். நிபந்தனையோடு வரட்டும் என்பவர்கள். "நாளைக்கு நம்ம பிளாட்டையும் இடித்துக் கட்டணுமே, வாயை மூடிக்கிட்டு இருங்க" என்பவர்கள். கடிதம் எழுத வேண்டும். யாருக்கு, எந்தப் பிரிவின் கீழ், எதைக் கேட்டு?

பதில் 1 (அளவுநாடா)

இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் இரண்டு பிரிவுக்கும் போய், இரண்டிலும் படுத்துக்கொள்ளும்.

பள்ளி வளாகம்தான் அவசரம். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32(4) பிரிவில் நடக்கும் நில வகைப்பாடு மாற்றம் அது. கெடு அறிவிப்பிலேயே இருக்கும், வழக்கமாக 21 நாள். பேப்பர் வந்த தேதியிலிருந்து எண்ணுங்கள், உங்கள் கண்ணில் பட்ட தேதியிலிருந்து அல்ல. தெருக்காரர்களின் கருத்தைச் சட்டப்படி கேட்டாக வேண்டிய கட்டம் இதுதான். வணிகம் என்று மாற்றி அரசிதழில் வந்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் கட்டட அனுமதிக்கு உங்களிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். விண்ணப்பத்தில் "சிறு அலுவலகம்" என்று சொல்லியிருந்தாலும் பிற்பாடு அது யாரையும் கட்டுப்படுத்தாது. வணிக மண்டலத்தில் எதெல்லாம் கட்டலாமோ அதெல்லாம் வரலாம்.

கடிதம் எழுதும் விதம்: முகவரி உறுப்பினர் செயலர், சிஎம்டிஏ, தாளமுத்து நடராசன் மாளிகை, எழும்பூர். முதல் வரியிலேயே அறிவிப்பு எண், தேதி, சர்வே எண், கிராமம். அடுத்து இரண்டாவது முழுமைத் திட்டப்படி (நகரின் எந்த நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளான்) தெருவின் மற்ற மனைகள் எந்த மண்டலத்தில் இருக்கின்றன என்பது. முதன்மைக் குடியிருப்பா, கலப்புக் குடியிருப்பா என்பதை சர்வே எண் போட்டு சிஎம்டிஏ தளத்திலேயே பார்க்கலாம். முதன்மைக் குடியிருப்புக்கு நடுவே ஒரே ஒரு வணிகத் துண்டு என்றால் உங்கள் வாதத்தில் பாதி அங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

பிறகு எண்கள். சாலை அகலம், மழைநீர் வடிகாலின் உள் அகலமும் ஆழமும், போன மழையில் எத்தனை அங்குலம் நின்றது (சுவரில் இருக்கும் கறையை டேப் வைத்துப் படமெடுங்கள்), காலை 8 மணிக்கு நிற்கும் வண்டிகள். "வெளியாட்கள் வருவார்கள்", "அமைதி கெடும்", "எங்கள் வீட்டுக்குக் காற்று வராது" போன்றவற்றை எழுதினால் கோப்பில் "பொதுவான ஆட்சேபணை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

கடைசிப் பத்தியில் மாற்று வழியும் கேளுங்கள். முதல் கோரிக்கை, மாற்றக் கூடாது. முடியாவிட்டால் வணிகத்துக்குப் பதில் கலப்புக் குடியிருப்பு. வண்டி நுழைவு பெரிய சாலைப் பக்கம் மட்டும். உங்கள் முதல் இரண்டு கட்சியும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட இதுதான் வழி. நூறு பேர் ஒரே தாளில் கையெழுத்திடுவதைவிட, இருபது வீட்டுக்காரர்கள் தனித்தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்புவது மேல். ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு எண் விழும்.

திறந்தவெளி ஒதுக்கீட்டையும், அதாவது ஓஎஸ்ஆரையும் பாருங்கள். மனை 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் சாலைப் பகுதி நீங்கலாக 10 சதவீதம். 14 கிரவுண்டு என்பது சுமார் 3,120 ச.மீ., அந்த வரம்பைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. 10,000 ச.மீ. வரை நிலமாகக் கொடுக்காமல் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டிவிடலாம், அதனால் பூங்கா கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம். ஆனால் இரண்டு பத்திரமாகப் பிரித்துவிட்டால் அந்தப் பணம்கூட வராது. வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், சமீபத்தில் பாகப்பிரிவினையோ செட்டில்மெண்டோ நடந்திருந்தால் அதையும் கடிதத்தில் சேருங்கள்.

பதில் 2 (பழைய பிளாட்)

மூன்றாவது கட்சிக்காக ஒருவராவது பேச வேண்டும்.

ஸ்டில்ட் + 5 என்றதுமே "அத்துமீறல்" என்று நினைப்பது தவறு. 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் எஃப்எஸ்ஐயை (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 1.5லிருந்து 2 ஆக்கின. 18.30 மீட்டர் உயரம் வரை அது உயர்மாடிக் கட்டடமே இல்லை. 4 கிரவுண்டு, அதாவது 9,600 சதுர அடி மனையில் முன்பு 14,400, இப்போது 19,200. சாலை அகலத்தைப் பொறுத்து பணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐயும் வாங்கலாம். மாடி எண்ணிக்கையைப் பார்த்து வயிறெரிவதில் சட்டப்படி எந்தப் பிரயோசனமும் இல்லை.

இந்தக் கூடுதல் பரப்பு இல்லாவிட்டால் எழுபது எண்பதுகளில் கட்டிய, கம்பி துருப்பிடித்து சிமெண்ட் உதிரும் பிளாட்டுகளை எந்த பில்டரும் தொட மாட்டார். பழைய குடியிருப்பவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது போக விற்பதற்கு மிச்சம் இருந்தால்தான் கணக்கு ஓடும். 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதம் போதும் என்று வழி திறந்திருக்கிறது. "எங்கள் தெருவில் எஃப்எஸ்ஐ 2 கூடாது" என்று சங்கத்தின் பெயரில் தீர்மானம் போட்டால், நாளைக்கு அதே தாளை உங்கள் சொந்தக் கட்டடத்துக்கு எதிராக நீட்டுவார்கள்.

விதியையே எதிர்க்க வேண்டுமென்றால் அதற்கு வேறு இடம். 2027–2046க்கான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிறது. வரைவு வரும்போது ஆட்சேபணைக்குச் சட்டம் அவகாசம் தருகிறது. அங்கே கேட்க வேண்டியது தண்ணீரும் கழிவுநீரும். 19,200 சதுர அடியில் ஆயிரம் அடி பிளாட்டாக 19 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு 10,260 லிட்டர். தினம் ஒரு லாரிக்கும் மேல். தெருவில் பத்து மனை இப்படி மாறினால் ஏற்கெனவே போட்ட கழிவுநீர்க் குழாய் தாங்குமா என்பதுதான் கேள்வி, ஐந்தா ஆறா என்ற மாடிக் கணக்கு அல்ல.

பதில் 3 (சென்ட்ரிங்)

பழைய பிளாட் சொல்வது சரி. ஆனால் விதி அனுமதிப்பதும் வரைபடத்தில் இருப்பதும் சைட்டில் எழும்புவதும் மூன்று தனித்தனி விஷயம். இரண்டாவது பிரச்சினைக்கு வருகிறேன்.

முதலில் வரைபடம் வேண்டும். விற்பனைக்குக் கட்டுவதாக இருந்தால் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு கட்டாயம் (மனை 500 ச.மீ.க்கு மேல், உங்களுடையது சுமார் 890). தமிழ்நாடு ரெரா தளத்தில் திட்டத்தின் பெயரைத் தேடினால் அங்கீகரித்த வரைபடமே கிடைக்கும். ஒரு பைசா செலவில்லை, ஆனாலும் பலர் நேரே ஆர்டிஐக்கு (தகவல் உரிமைச் சட்ட மனு) ஓடுகிறார்கள். சொந்த உபயோகம் என்று கட்டினால்தான் ஆர்டிஐ: 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள். "மூன்றாம் நபர் தகவல்" என்று மறுப்பார்கள். மனுவிலேயே தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(b)(xiii) பிரிவைக் குறிப்பிடுங்கள். அனுமதி பெற்றவர்கள் விவரத்தை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும் என்பது அது. அத்தோடு கோப்பை நேரில் பார்வையிட அனுமதியும் கேளுங்கள், ஜெராக்ஸ் வருவதைவிட அது சீக்கிரம் நடக்கும்.

வரைபடம் வந்ததும் பார்க்க வேண்டியது:

செட்பேக். உங்கள் காம்பவுண்டுக்கு உள்ளே நின்று லேசர் மீட்டரில் அளங்கள், அவர்கள் சைட்டில் கால் வைக்காதீர்கள். எல்லைக் கோட்டிலிருந்து சுவர் முகம் வரை, பூச்சுக்கு முன். மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள், மனை கோணலாக இருந்தால் ஒரு இடத்து அளவு செல்லாது.

சாலை அகலம். தாரின் அகலம் அல்ல. எதிரெதிர் மனைகளின் சர்வே எல்லைக்கு நடுவே உள்ளது. நகர நிலஅளவை வரைபடத்தை அரசின் இ-சேவைத் தளத்தில் எடுத்து ஒப்பிடுங்கள். உயரமும் வீட்டு எண்ணிக்கையும் ஏற ஏற விதிப்புத்தக அட்டவணை அதிக அகலம் கேட்கும். 30 அடி என்று எல்லோரும் வாயால் சொல்லும் தெரு சர்வேயில் 26 அடியாக இருப்பது அபூர்வம் இல்லை.

ஸ்டில்ட். பார்க்கிங்காக இருக்கும் வரை அது எஃப்எஸ்ஐயில் சேராது. சுவர் எழுப்பிக் கடையோ அறையோ ஆக்கினால் சேரும். கட்டும்போது சுத்தமாக இருக்கும், கட்டட முடிவுச் சான்று (வரைபடப்படி கட்டி முடித்ததற்கான சான்று) வாங்கிய பிறகுதான் ஷட்டர் முளைக்கும். இப்போதே படம் எடுத்து வையுங்கள்.

வரைபடத்திலிருந்து விலகல் உறுதியானால் 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளைச் சொல்லி சிஎம்டிஏ அமலாக்கப் பிரிவுக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் ஒரே நாளில் கொடுங்கள். அனுமதி கொடுத்தது யார் என்று தெரியாமல் ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் "எங்கள் எல்லை அல்ல" என்று ஒரு மாதம் போய்விடும். 57 வேலையை நிறுத்தும் நோட்டீஸ், 56 அகற்றச் சொல்லும் நோட்டீஸ். மூன்றாம் தளம் நடக்கும்போது 57 கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. பெயிண்ட் அடித்த பிறகு இல்லை.

இன்னொரு பூட்டு, கட்டட முடிவுச் சான்று. சிறிய வீடுகளுக்கு விலக்கு உண்டு, ஸ்டில்ட் + 5 அதில் வராது. அந்தச் சான்று இல்லாமல் மின், குடிநீர், கழிவுநீர் நிரந்தர இணைப்பு கொடுக்கக் கூடாது. புகாரின் நகலை மின்வாரிய உதவிப் பொறியாளருக்கும் குடிநீர் வாரியப் பகுதி அலுவலகத்துக்கும் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பில்டர்கள் நோட்டீஸுக்கு அசைய மாட்டார்கள், கரண்டு கனெக்‌ஷன் நின்றால் அசைவார்கள்.

பதில் 4 (மொட்டைமாடி)

புகார் கொடுக்கும் முன் புகார்தாரர் வீட்டைப் பாருங்கள். செட்பேக்கில் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மொட்டைமாடியில் கட்டி வாடகைக்கு விட்ட ஒற்றை அறை, சாலைக்கு நீண்ட சாய்தளம். எதிர்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான். இவை இல்லாத வீட்டுக்காரர் பெயரில் மனு போகட்டும். 2007 ஜூலை 1க்கு முந்தைய கட்டட விதிமீறல் என்றால் அதே சட்டத்தின் 113-சி பிரிவில் வரன்முறைக்கு (விதிமீறலை முறைப்படுத்த) விண்ணப்பித்த நகலைக் கையில் வைத்திருங்கள்.

தெருக்கோடி

நன்றி. பள்ளி வளாகத்துக்கான கடிதம் இந்த வாரமே போகிறது. ஒரு சந்தேகம்: 57 நோட்டீஸ் கொடுத்த பிறகும் வேலை நடந்தால்? நேரே ஹைகோர்ட்டா?

பதில் 5 (அளவுநாடா)

நோட்டீஸ் வந்ததும் பில்டர் 80-ஏ பிரிவில் அரசிடம் மறு ஆய்வு மனு போடுவார். அது தூங்கும், கட்டடம் வளரும். அதனால் ஹைகோர்ட்டில் ரிட் மனு போடும்போது "என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த உத்தரவு சுலபமாகக் கிடைக்கும். "பரிசீலித்தோம், நோட்டீஸ் கொடுத்தோம்" என்று பதில் வரும், வழக்கு முடிந்துவிடும். பில்டரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். வேலையை நிறுத்தி முத்திரையிட வேண்டும், 80-ஏ மனு இருந்தால் அதைக் குறிப்பிட்ட நாளுக்குள் முடிக்க வேண்டும், முடிவுச் சான்றும் இணைப்புகளும் அதுவரை தரக் கூடாது, இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். தேதி போட்ட படங்கள், அளவுக் குறிப்பு, முத்திரை விழுந்த புகார் நகல், அங்கீகரித்த வரைபடம் இந்த நான்கும் இணைப்பில் இருக்க வேண்டும். வரைபடம் கைக்கு வராமல் வழக்குப் போட வேண்டாம், "விலகல் எங்கே?" என்ற முதல் கேள்விக்கே பதில் இருக்காது.