நவம்பர் இறுதியில் மெல்பர்ன்: மாமியாரும் மகனும் உடன்வரும் பயணத்திற்கு எந்த உடைகளை எடுத்துச் செல்வது?

செங்காங் வாணி:
அனைவருக்கும் வணக்கம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை தொடங்கியதும், நவம்பர் கடைசி வாரத்தில், நானும் கணவரும் எட்டு வயது மகனும் எழுபதைக் கடந்த என் மாமியாரும் ஒரு வாரம் மெல்பர்னில் தங்கவிருக்கிறோம். பெரும்பாலும் நகருக்குள் டிராமிலும் நடந்தும் சுற்றுவோம். ஒருநாள் மாலை பிலிப் தீவுக்குச் சென்று பென்குவின்கள் கரையேறுவதைப் பார்க்கவும் எண்ணியுள்ளோம். அங்கே அப்போது கோடை தொடங்கும் காலம் என்பதால் மெல்லிய பருத்தி உடைகள் போதும் என்கிறார் கணவர். பெர்த்தில் இருக்கும் என் நாத்தனாரோ, மெல்பர்ன் வேறு மாதிரி, தடித்த குளிர்கோட்டு இல்லாமல் மாமியாரை அழைத்துச் செல்லாதீர்கள் என்கிறார். நான்கு பேருக்கும் குளிர்கோட்டு வைத்தால் பெட்டியில் வேறெதற்கும் இடமிருக்காது. மாமியார் புடவை மட்டுமே உடுத்துவார். மகனுக்கு அவ்வப்போது மூக்கு ஒழுகுதலும் இளைப்பும் உண்டு. இவற்றை மனத்தில் கொண்டு எதை எடுப்பது, எதை விடுவது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

தெம்பனிஸ் மாறன்:
வாணி அவர்களுக்கு, நான் மெல்பர்னில் படித்தவன். இப்போதும் வேலை நிமித்தம் அங்கு சென்று வருகிறேன். உங்கள் கணவர், நாத்தனார் இருவரும் சொல்வது உண்மையே. ஆனால் அந்த இரண்டு உண்மைகளும் ஒரே நாளில் நடக்கக்கூடும் என்பதுதான் அவ்வூரின் சிக்கல்.

நவம்பரில் அங்கே சராசரி அதிகபட்ச வெப்பநிலை ஏறத்தாழ 22 டிகிரி செல்சியஸ், குறைந்தபட்சம் 11 டிகிரி. இந்தச் சராசரியை நம்பிப் பெட்டி கட்டினால் ஏமாற்றமே மிஞ்சும், ஏனெனில் அந்த 22 என்பது 17 டிகிரி நாள்களும் 33 டிகிரி நாள்களும் கலந்து வந்த எண். நகருக்கு வடக்கே கண்டத்தின் வறண்ட உள்நாட்டு நிலம்; தெற்கே பாஸ் நீரிணையும் அதற்கு அப்பால் தென்பெருங்கடலும். வடக்கிலிருந்து காற்று வீசும்வரை அனலடிக்கும். தென்மேற்கிலிருந்து குளிர்முகப்பு (முன்னேறி வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு) ஒன்று நகரைக் கடந்தவுடன் காற்று திசை மாறி, ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே பத்து டிகிரிக்கும் மேல் வெப்பநிலை இறங்கிவிடுவதுண்டு. நம் ஊரில் மழை பெய்து வெக்கை தணிவதைப் போன்றதன்று இது; குறுங்கை சட்டையுடன் வெளியே நிற்பவர் நடுங்கத் தொடங்கிவிடுவார்.

ஆகவே, ஒரே தடித்த கோட்டை எடுப்பதைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியவும் கழற்றவும் கூடிய மூன்று மெல்லிய அடுக்குகளை எடுப்பதே பொருத்தம். உடலை ஒட்டி ஒரு மெல்லிய சட்டை. அதன்மேல் கம்பளி அல்லது ஃபிளீஸ் மேலாடை. எல்லாவற்றிற்கும் மேலே காற்றும் நீரும் புகாத, தலைமூடியுள்ள மழை ஜாக்கெட். மூன்றாவதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மெல்பர்னில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 650 மில்லிமீட்டர்தான், சிங்கப்பூரில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே குறைவு. ஆனால் அது காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் அடிக்கும் தூறலாக வரும்போது குடை பயன்படாது, திரும்பிக்கொள்ளும். முதலடுக்கிற்குப் பருத்தியைத் தவிர்ப்பது நல்லது. ஈரமான பருத்தி உடலோடு ஒட்டிக்கொண்டு குளிரை அதிகமாக்கும். மெரினோ கம்பளி ஈரத்திலும் ஓரளவு கதகதப்பைக் காக்கும். ஜீன்ஸ் நனைந்தால் காய நெடுநேரமாகும் என்பதால் ஆளுக்கு ஒன்றுக்குமேல் வேண்டாம். இவற்றையெல்லாம் புதிதாக வாங்க வேண்டியதில்லை. அலுவலகக் குளிர்சாதனத்திற்காக நாம் வைத்திருக்கும் கார்டிகனே இரண்டாம் அடுக்காகிவிடும். மழை ஜாக்கெட்டை மட்டும் டெக்கத்லானில் பார்த்துக்கொள்ளலாம்.

பலரும் கவனிக்காத ஒன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். மழை ஜாக்கெட்டும் மேலாடையும் விடுதியில் உள்ள பெட்டியில் கிடந்தால் பயனில்லை. காலை வெயிலைப் பார்த்துவிட்டு அவற்றை அறையில் விட்டுச் செல்வதுதான் முதன்முறை செல்வோர் வழக்கமாகச் செய்வது. ஆகவே நான்கு பேரின் மேலாடைகளும் மழை ஜாக்கெட்டுகளும் தண்ணீர்ப் புட்டியும் கொள்ளும் அளவுக்கு ஒரு முதுகுப்பையை இப்போதே தேர்ந்தெடுத்து, அதில் அடங்குமா என்று வீட்டிலேயே வைத்துப் பாருங்கள். அடங்காத உடை எதுவாயினும், அது இந்தப் பயணத்திற்கு உரியதன்று. காலையில் ஆஸ்திரேலிய வானிலை ஆய்வகத்தின் செயலியைத் திறக்கும்போது உச்ச வெப்பநிலையை மட்டும் பாராமல், காற்று எந்த மணிக்குத் திசை மாறும் என்பதையும் பாருங்கள்.

உட்லண்ட்ஸ் தாதி:
மாறன் அவர்கள் உடையைப் பற்றி விரிவாக எழுதிவிட்டதால், நான் மகனின் இளைப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என் கருத்தில் உங்கள் பெட்டியில் முதலில் இடம்பெற வேண்டியது இதற்கான மருந்துதான்.

மெல்பர்னில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புல் மகரந்தக் காலம். மகரந்தம் மிகுந்த நாளில் இடிப்புயல் வந்தால், மகரந்தத் துகள்கள் ஈரத்தை உறிஞ்சி வெடித்து, நுரையீரலின் உட்பகுதிவரை செல்லக்கூடிய நுண்துகள்களாகக் காற்றில் பரவும். 2016 நவம்பர் 21ஆம் தேதி மாலை இப்படி நிகழ்ந்தபோது ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலுடன் மருத்துவமனைகளுக்கு விரைந்தனர். பத்துப் பேர் உயிரிழந்தனர். ஆஸ்துமா இருப்பதாக அதற்குமுன் அறியாத, மூக்கு ஒழுகுதல் மட்டுமே இருந்தவர்களும் பாதிக்கப்பட்டனர். தெற்காசிய, தென்கிழக்காசியப் பின்னணி கொண்டவர்களின் விகிதம் கூடுதலாக இருந்ததும் பின்னர் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய நிகழ்வு அரிது. ஆயினும், பயணத்திற்கு முன்பே பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ மகனைக் காட்டி, எப்போது எத்தனை முறை மருந்தை உறிஞ்ச வேண்டும் என்ற எழுத்துவடிவத் திட்டத்தைக் கேட்டுப் பெறுங்கள். நீலநிற சல்பியூட்டமால் உறிஞ்சியையும் அதோடு பொருத்தும் குழாயையும் கைப்பையிலேயே வைத்திருங்கள். பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். மாமியாரின் மாத்திரைகளையும் மூல உறையோடும் மருத்துவர் கடிதத்தோடும் அதே கைப்பையில் வைப்பது நல்லது. விக்டோரியா மாநில அரசின் விக்எமர்ஜென்சி செயலியில் இடிப்புயல் ஆஸ்துமா முன்னறிவிப்பு வரும். அபாயம் அதிகம் என்று காட்டும் நாளில், புயலுக்கு முந்தைய காற்று எழும்போதே சன்னல்களை மூடிக்கொண்டு உள்ளே இருந்துவிடுங்கள்.

வெயிலையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். நவம்பர் இறுதியில் அங்கே நண்பகல் புறஊதாக் குறியீடு பெரும்பாலும் 8க்கு மேல் செல்லும். 18 டிகிரியில் குளிர்காற்று வீசிக்கொண்டிருக்கும்போது தோல் சூட்டை உணராது, ஆனால் கருகும். அகன்ற விளிம்புத் தொப்பி, எஸ்பிஎஃப் 50 வெயில்தடுப்புக் களிம்பு, உதட்டுக் களிம்பு ஆகியவை நால்வருக்கும் தேவை.

புக்கிட் பாத்தோக் மீனா:
புடவை பற்றி யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். என் தாயாரும் புடவை தவிர வேறெதுவும் உடுத்தமாட்டார். அவரை இருமுறைக்கு மேல் அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். உள்பாவாடைக்குள் அணிய யூனிக்லோவின் ஹீட்டெக் போன்ற மெல்லிய முழுநீள வெப்பக் காலாடை (லெக்கிங்ஸ்), இரவிக்கைக்கு உள்ளே அதே துணியில் முழுக்கைச் சட்டை, இவ்விரண்டும் இருந்தால் பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது. வழக்கமான இரவிக்கை அதன்மேல் இறுக்கமாக இருக்கும் என்பதால், ஒன்றிரண்டைத் தளர்த்தித் தைத்து வைத்துக்கொள்ளுங்கள். விறைப்பான பருத்திப் புடவை அந்தக் காற்றில் பாய்மரமாக விரியும். அடிப்பகுதி நனைந்தால் மாலைவரை காயாது. மெல்லிய செயற்கை இழைப் புடவைகள் விரைவில் காயும், பெட்டியிலும் இடம் அடைக்காது. முந்தானையை முன்னால் கொண்டுவந்து செருகி, அதன்மேல் முழங்கால்வரை நீளும் மழை ஜாக்கெட்டை அணிவித்தால் கால்கள் தடுக்காமல் டிராமில் ஏறி இறங்கலாம். செருப்பு மட்டும் வேண்டாம். கட்டைவிரல் பிரிந்த காலுறை போட்டுச் செருப்பணிய அவர் விரும்பினாலும், மழையில் நனைந்த நடைபாதையில் அது வழுக்கும்; மூடிய காலணியைப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே வாங்கிக்கொடுத்து, புளோக்கின் கீழே நடந்து பழகச் சொல்லுங்கள். கேரம் டவுன்ஸில் உள்ள சிவா விஷ்ணு கோயிலுக்குச் செல்வதாயின், தரை குளிர்ந்திருக்கும். தடித்த காலுறை ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

செங்காங் வாணி:
மூவருக்கும் மிக்க நன்றி. மருத்துவரிடம் மகனைக் காட்ட இன்றே முன்பதிவு செய்துவிட்டேன். இரண்டு கேள்விகள் மட்டும் எஞ்சியுள்ளன. பென்குவின் பார்க்கும் மாலைக்கு இந்த மூன்று அடுக்குகள் மாமியாருக்குப் போதுமா? மேலும், அவருக்காகச் சிறிய சோற்றுப் பானையும், கறிவேப்பிலை, சாம்பார்ப் பொடி, முறுக்கு ஆகியவற்றையும் எடுத்துச் செல்லலாமா?

தெம்பனிஸ் மாறன்:
போதாது. நவம்பர் இறுதியில் அங்கே இரவு எட்டரை மணியளவில்தான் சூரியன் மறைகிறது. அதன் பிறகே பென்குவின்கள் கரையேறும். அதுவரை கடலைப் பார்த்தபடி திறந்தவெளிப் படிகளில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதால், பகலில் நடக்கும்போது போதுமானதாக இருந்த உடை அங்கே போதாது. அந்த ஒரு மாலைக்காக மாமியாருக்கு மட்டும் மடித்தால் சுருங்கும் இறகு ஜாக்கெட் ஒன்றையும், நால்வருக்கும் கம்பளித் தொப்பியும், கீழே விரித்து உட்கார ஒரு தடித்த துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நகரிலிருந்து தீவு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். திரும்பி வர நள்ளிரவாகலாம். மகனுக்கு வாகனத்தில் ஒரு போர்வை இருக்கட்டும்.

சோற்றுப் பானை நம் மின்னழுத்தத்திலேயே இயங்கும். செருகியின் வடிவம் மட்டும் வேறு என்பதால், முஸ்தபாவில் கிடைக்கும் ஆஸ்திரேலிய மாற்றுச் செருகி ஒன்று வேண்டும். பச்சைக் கறிவேப்பிலையை எடுத்துச் செல்லாதீர்கள். கடையில் முத்திரையிட்ட உறையில் வாங்கிய சாம்பார்ப் பொடியையும் முறுக்கையும் பெட்டியின் மேற்பகுதியில் வைத்து, வருகை அட்டையில் உணவுப் பொருள் உள்ளதா என்ற கேள்விக்கு ஆம் என்றே குறியுங்கள். அறிவித்த பொருளை அதிகாரிகள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது எடுத்துக்கொள்ளலாம்; அறிவிக்காமல் சென்றால் அபராதம் விதிப்பார்கள். கறிவேப்பிலையை டாண்டினோங் பக்கத்து இந்திய, இலங்கைக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம்.