எம்எம்ஓ கேம்களுக்குத் தொடர் பத்தி எழுதுவோர்: அனுபவப் பகிர்வு

எம்எம்ஓ கேம் (ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் ஒரே உலகில் சேர்ந்து ஆடுவது) ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாராவாரம் பத்தி எழுதுகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். எழுதும்போது எதிர்ப்படும் சிக்கல்களைப் பதியுங்கள்: எது தடுக்கிவிடுகிறது, ஏன், எப்படிச் சரிபார்ப்பது. சொந்தக் கதை வேண்டாம். அடுத்த வாரம் எழுத உட்காருகிறவருக்குப் பயன்பட்டால் போதும்.

முதலாவதை நானே வைக்கிறேன். தனியாக ஆடும் கேமை முடித்துவிட்டு விமர்சனம் எழுதலாம். எம்எம்ஓ முடிவதே இல்லை. பத்தியாளர் அங்கே விமர்சகரைவிட உள்ளூர் நிருபருக்கு நெருக்கமானவர். ஃபைனல் ஃபேன்டஸி 14 கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 செப்டம்பர் 30 அன்று வெளிவந்தது, படுதோல்வி. அந்த ஆண்டு டிசம்பரில் நவோகி யோஷிடா அதன் தயாரிப்பாளர்-இயக்குநராகப் பொறுப்பேற்றார். 2012 நவம்பர் 11 அன்று பழைய சர்வர்களை அணைத்தார்கள். 2013 ஆகஸ்ட் 27 அன்று ‘எ ரெல்ம் ரீபார்ன்’ என்று புதிதாக எழுந்தது. 2011இல் அதைப் பற்றி எழுதிய எந்த வழிகாட்டியும் இன்றைய கேமுக்குப் பொருந்தாது. ஆகவே ஒவ்வொரு பத்தியின் தலையிலும் பேட்ச் (கேமின் புதுப்பிப்பு) எண், சர்வர், தேதி மூன்றும் இருக்க வேண்டும். ‘இப்போது’, ‘சமீபத்தில்’, ‘புதிய’ என்று எழுதிய இடங்களைத் தேடி எடுத்துவிட்டு, அங்கே பேட்ச் எண்ணைப் போடுங்கள். கூகுளில் தேடி மூன்று வருடம் கழித்து வருகிறவரும் உங்கள் வாசகர்தான்.

*

நேரக் கணக்கில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். விண்வெளி எம்எம்ஓவான ஈவ் ஆன்லைனின் சர்வர் தினமும் 11:00 யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) நின்று எழும். இந்திய நேரப்படி மாலை 4:30. ஃபைனல் ஃபேன்டஸி 14இன் வார ரீசெட் (வாரப் பணிகளும் வரம்புகளும் புதிதாகத் தொடங்கும் நேரம்) செவ்வாய் 08:00 யுடிசி, அதாவது பகல் 1:30. அதன் தினசரி ரீசெட் 15:00 யுடிசி, இரவு 8:30. கில்டு வார்ஸ் 2இன் வார ரீசெட் திங்கள் 07:30 யுடிசி, பகல் 1:00. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் வாரப் பராமரிப்பு அமெரிக்க சர்வர்களுக்குச் செவ்வாய், ஐரோப்பாவுக்குப் புதன். யுடிசியில் நேரம் குறிக்கும் கேம்களில் நமக்கு வருடம் முழுக்க ஒரே மணிதான். அமெரிக்க உள்ளூர் நேரத்தில் வரும் அறிவிப்பு மட்டும் மார்ச்சிலும் நவம்பரிலும் ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். பத்தியில் இரண்டு நேரத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

பேட்ச் வந்த அன்றே பத்தி போட வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாளில் ஹாட்ஃபிக்ஸ் என்ற அவசரத் திருத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். செவ்வாய் காலை நீங்கள் எழுதிய சேத எண் வியாழக்கிழமை இருக்காது. செவ்வாய் பேட்ச் என்றால் பத்தி வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொண்டால் நன்றாக ஓடுகிறது: செவ்வாய் பேட்ச் குறிப்பைப் படித்துக் கேள்விகளை எழுதிக்கொள்வது, புதனும் வியாழனும் உள்ளே போய்ச் சோதிப்பது, வெள்ளி காலை ஹாட்ஃபிக்ஸ் பட்டியலை மறுபடி பார்த்துவிட்டு அனுப்புவது.

கையிருப்பில் பேட்ச் சாராத இரண்டு பத்தியாவது இருக்கட்டும். 2021 டிசம்பரில் ஃபைனல் ஃபேன்டஸி 14இன் எண்ட்வாக்கர் விரிவாக்கம் வந்தபோது உள்ளே நுழையும் வரிசை மணிக்கணக்கில் நீண்டது. காத்திருந்தவர்களையும் 2002 என்ற பிழை எண் வெளியே தள்ளியது. கூட்டம் தாங்காமல் நிறுவனம் கேமை விற்பதையே தற்காலிகமாக நிறுத்தியது. உள்ளே போனால்தான் பத்தி என்று இருந்தால் அப்படிப்பட்ட வாரத்தில் பக்கம் காலி.

*

“இந்த கேமை எத்தனை பேர் ஆடுகிறார்கள்?” வாசகர் அதிகம் கேட்பது இதைத்தான். பத்தியாளர் அதிகம் தவறாக எழுதுவதும் இதையேதான்.

பதிவான கணக்குகள், மாதத்தில் ஒருமுறையாவது நுழைந்தவர்கள், சந்தா கட்டுவோர், ஒரே நேரத்தில் இணைந்திருந்தோர் என்று நான்கு வேறு எண்கள் புழங்குகின்றன. நிறுவனங்கள் விளம்பரத்துக்குத் தருவது முதல் எண்ணை, ஏனென்றால் அது குறையவே குறையாது. ஃபைனல் ஃபேன்டஸி 14 சொல்லும் 3 கோடியில் இலவச சோதனைக் கணக்குகளும் அடக்கம். பணம் கட்டி ஆடுவோர் எத்தனை என்பது அந்த எண்ணிலிருந்து தெரியாது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2010 அக்டோபரில் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்களைத் தொட்டது. அதிலும் சீனாவில் மணிக்கணக்குக்குக் காசு கட்டி ஆடியவர்கள் சேர்த்தே எண்ணப்பட்டார்கள். அந்த எண்ணை அமெரிக்க மாதச் சந்தாவால் பெருக்கி ‘வருமானம் இவ்வளவு’ என்று எழுதினால் கணக்கே தப்பு. 2015இன் மூன்றாம் காலாண்டில் 55 லட்சம் என்று அறிவித்த பிறகு, காலாண்டுதோறும் எண் வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு யாராவது துல்லியமான காலாண்டுச் சந்தா எண் எழுதினால், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

ஒரே நேர எண்ணிலும் பள்ளம் உண்டு. ஈவ் 2013 மே 5 அன்று 65,303 என்ற உச்சத்தைத் தொட்டது. ஈவில் ஒரே ஆள் இரண்டு மூன்று கணக்குகளை ஒன்றாக ஓட்டுவது சர்வசாதாரணம், அதனால் அது 65,303 மனிதர்கள் என்று அர்த்தமாகாது. ‘இணைப்புகள்’ என்று எழுதுங்கள், ‘ஆட்கள்’ என்று எழுதாதீர்கள். கேம் விற்பனைத் தளமான ஸ்டீம் காட்டும் எண் ஸ்டீம் வழியாகத் திறந்தவர்களை மட்டும் எண்ணும். சொந்த லாஞ்சரில் வருகிறவர்கள் அதில் தெரியமாட்டார்கள். இன்னொன்று: கேம் திறந்திருந்தாலே ஸ்டீம் அவரை ஆடுபவராகக் கணக்கில் சேர்க்கும். அமேசானின் நியூ வேர்ல்டு 2021 செப்டம்பர் 28 அன்று வந்து, சில நாளில் 9 லட்சத்தைத் தாண்டியபோது, சர்வர் வரிசையில் காத்திருந்தவர்களும் அந்த 9 லட்சத்துக்குள் இருந்தார்கள்.

*

மேலே ஈவ் பற்றிப் பேசியதால் போர்ச் செய்தி எழுதுவதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். எம்எம்ஓ பத்தியில் மிகக் கடினமான வேலை இதுதான், மிகவும் மதிப்புள்ளதும் இதுதான்.

2014 ஜனவரி 27, 28 தேதிகளில் பி-ஆர்5ஆர்பி என்ற சூரிய மண்டலத்தில் நடந்த சண்டையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மண்டலத்தின் உரிமைக் கட்டணம் செலுத்தப்படாமல் போக, உரிமை கைநழுவியது. அதைக் கைப்பற்ற எதிர்த்தரப்பு உடனே இறங்கியது. ஏறக்குறைய 21 மணி நேரம் நீடித்தது, 7,548 கதாபாத்திரங்கள் பங்கேற்றன, டைட்டன் என்ற மிகப் பெரிய போர்க்கலங்கள் 75 அழிந்தன. இதைக் கேட்ட பொதுப் பத்திரிகைகள் “விளையாட்டில் 3 லட்சம் டாலர் நாசம்” என்று தலைப்புப் போட்டன.

அந்த டாலர் எப்படி வந்தது என்று பத்தியாளர் சொல்லியாக வேண்டும். அழிந்த கலங்களின் மதிப்பு கேமின் நாணயமான ஐஎஸ்கேயில் கணக்கிடப்பட்டது. பிளெக்ஸ் என்ற பொருளை நிறுவனத்திடம் டாலர் கொடுத்து வாங்கி, கேமுக்குள் ஐஎஸ்கேக்கு விற்கலாம். அந்த இரண்டு விலைகளையும் இணைத்துப் பின்னோக்கிப் பெருக்கினால் டாலர் வரும். யாருடைய வங்கிக் கணக்கிலிருந்தும் அன்று அந்தப் பணம் போகவில்லை. பெரும்பாலான கலங்கள் மாதக்கணக்கான தாது வெட்டலிலும் உற்பத்தியிலும் உருவானவை. ஒரே வரியில் இதை விளக்கிவிடலாம். விளக்காமல் டாலரை மட்டும் போட்டால் வாசகரை ஏமாற்றுகிறோம்.

21 மணி நேரத்துக்கும் விளக்கம் தேவை. கூட்டம் அதிகமானால் ஈவ் சர்வர் கேமின் வேகத்தைக் குறைக்கும், வழக்கமான வேகத்தில் 10 சதவீதமாகும் வரைகூட. அந்த நிலையில் நம் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் போனால், கேமுக்குள் ஆறு நிமிடம்தான் நடந்திருக்கும். “21 மணி நேரம் விடாமல் சுட்டார்கள்” என்று எழுதினால் படிப்பவர் வேறு காட்சியைக் கற்பனை செய்துகொள்வார்.

இழப்பை எண்ணுவது எப்படி? கலம் அழியும்போது கில்மெயில் என்ற பதிவு தானாக உருவாகும்: யார், எந்தக் கலம், எந்த மண்டலம், யுடிசியில் எந்த நொடி, கடைசி அடி யாருடையது, எந்தப் பொருள் அழிந்தது, எது மிஞ்சியது. இவற்றைத் திரட்டும் தளங்களில் நேரத்தையும் மண்டலத்தையும் கொடுத்து வடிகட்டலாம். மூன்றைக் கவனியுங்கள். கலம் அழிந்த பிறகு விமானி தப்பிச் செல்லும் கேப்ஸ்யூலும் அழிந்தால் அது தனிப் பதிவு. அதைக் கழிக்காமல் எண்ணினால் இழப்பு ஊதிப்போகும். சந்தையில் அரிதாக விற்கும் பெருங்கலங்களுக்குத் தளம் காட்டும் விலை மதிப்பீடுதான். பக்கத்து மண்டலங்களில் உதவிக்கு வந்த படையை மறித்து நடந்த சண்டைகள் வடிகட்டியில் விடுபட்டிருக்கும்.

அப்புறம் ‘வென்றது யார்’. இரு கூட்டணிக்கும் பிரச்சார ஆட்கள் இருக்கிறார்கள். சண்டை முடியும் முன்பே அறிக்கை வந்துவிடும். தோற்ற பக்கம் “எங்கள் இலக்கு வேறு” என்று சொல்லும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். எனவே மண்டலம் யாரிடம் போனது என்பதை ஒரு வரியிலும், இழப்பு விகிதத்தை இன்னொரு வரியிலும் தனித்தனியே எழுதுங்கள். பி-ஆர்5ஆர்பியில் ஒரு தரப்பு 59 டைட்டன்களையும் மறுதரப்பு 16ஐயும் இழந்தன, மண்டலமும் குறைவாக இழந்தவர்களிடமே போனது. அங்கே தெளிவு இருந்தது. பல சண்டைகளில் இரண்டும் எதிரெதிராக இருக்கும்.

*

சிறிய சேர்க்கை. ஈவில் சீனா தவிர உலகம் முழுதும் ஒரே சர்வர் என்பதால் “ஈவில் இப்படி நடந்தது” என்று எழுதலாம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் முடியாது, அங்கே ரெல்ம்கள் (தனித்தனி சர்வர்கள்) பல. 2005 செப்டம்பர் 13 அன்று 1.7 பேட்சில் ஸுல்’குருப் என்ற குழுச் சண்டைக் களம் திறந்தபோது ஹக்கார் என்ற தலைமை எதிரி பரப்பிய ‘கரப்டட் பிளட்’ தொற்று, வேட்டைக்காரர்களின் செல்லப்பிராணிகள் வழியாக நகரங்களுக்குள் புகுந்தது. பிராணியை அனுப்பிவிட்டுத் திரும்ப அழைத்தாலும் தொற்று ஒட்டிக்கொண்டே இருந்ததுதான் காரணம். தொற்றுநோய் ஆய்வாளர்கள்கூட அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். ஆனால் எல்லா ரெல்மும் ஒரே மாதிரி பாதிக்கப்படவில்லை. எந்த ரெல்ம் என்று சொல்லாத பத்தியை நம்ப முடியாது.

*

‘டிராப் ரேட்டைக் குறைத்துவிட்டார்கள்’ என்று ஒவ்வொரு பேட்சுக்கும் கூச்சல் எழும். டிராப் ரேட் என்றால் எதிரியைக் கொன்றால் ஒரு பொருள் கிடைக்கும் வாய்ப்பு. எழுதும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் அபிஸல் டீமன் என்ற எதிரியிடமிருந்து அபிஸல் விப் என்ற ஆயுதம் விழும் வாய்ப்பு 512க்கு 1. 512 கொன்றும் ஒரு விப்கூடக் கிடைக்காதவர்கள் 100க்கு சுமார் 37 பேர் இருப்பார்கள். எதுவும் மாறாமலேயே இவ்வளவு பேருக்கு ஏமாற்றம். 1 சதவீத டிராப்பில் ஒன்றாவது கிடைக்க 95 சதவீத உறுதி வேண்டுமானால் 299 முறை முயல வேண்டும். எனவே பத்து பேரின் புலம்பலை வைத்து எதையும் எழுத முடியாது. ஒரே பேட்சில் பலரின் எண்ணிக்கையைச் சேர்த்துப் பாருங்கள். கிடைத்தவர்கள் அமைதியாக இருப்பார்கள், கிடைக்காதவர்கள்தான் பேசுவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்; முடிந்தால் வேட்டையைத் தொடங்கும் முன்பே ஆட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோதனை சர்வரில் பார்த்ததை ‘வரப்போகிறது’ என்று எழுதாதீர்கள். கோப்பில் இருக்கிறது என்றால் கோப்பில் இருக்கிறது, அவ்வளவுதான். பில்டு (சோதனைப் பதிப்பு) எண்ணோடு ‘சோதனை சர்வரில் உள்ளது’ என்று எழுதினால், பிறகு அதை நீக்கினாலும் உங்கள் வரி பொய்யாகாது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் சேத அளவைச் சோதிக்க, சண்டையைக் கோப்பில் பதியும் /கம்பேட்லாக் (/combatlog) கட்டளை இருக்கிறது. ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் அதைத் திரும்பப் போட வேண்டும், மறந்தால் அன்றைய ரெய்டின் (பெரிய குழுச் சண்டையின்) பதிவே இருக்காது. ஸ்கிரீன்ஷாட் கோப்பின் பெயரில் வருவது உங்கள் கணினியின் நேரம், சர்வர் நேரம் அல்ல. எடுத்த அன்றே யுடிசிக்கு மாற்றிப் பெயரிட்டுவிடுங்கள்.

*

பொருளை இரட்டிப்பாக்கும் பக் (கேமில் உள்ள பிழை) போன்றவை கண்ணில் பட்டால் வழிமுறையை எழுதக் கூடாது. முதலில் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். சரிசெய்த பிறகு எழுதுங்கள். 2021 நவம்பரில் நியூ வேர்ல்டில் தங்கம் இரட்டிப்பாகும் பக் பரவியதும், ஆட்டக்காரர்களுக்கிடையே பணம் கைமாறும் எல்லா வழிகளையும் நிறுவனம் அடைத்தது. கைவினைப் பொருள் விற்றுப் பிழைத்த நேர்மையான ஆட்டக்காரர்தான் அந்த நாட்களில் அதிகம் தவித்தார். பத்தி எழுத வேண்டியது அவருக்கு என்ன ஆனது என்பதை.

*

மேற்கோள் பற்றி யாரும் சொல்லவில்லையே. கதாபாத்திரத்தின் பெயரை மட்டும் போடுங்கள். அந்த ஆளின் நிஜப் பெயர் தெரிந்தாலும் அவர் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. கில்டு (ஆட்டக்காரர் குழு) சாட்டில் பேசியது பொதுவெளிப் பேச்சு இல்லை, கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். டிஸ்கார்டில் செய்தியைப் பிறகு திருத்தவும் அழிக்கவும் முடியும் என்பதால் நேரம் தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். கில்டு வங்கியைக் கொள்ளையடித்தார் என்று ஒருவர்மேல் குற்றச்சாட்டு வந்தால், வங்கிப் பதிவையும் அவர் தரப்பையும் பார்க்காமல் ஒரு வரியும் வேண்டாம். பெயரை மாற்றிக்கொள்ளும் வசதி பல கேம்களில் உண்டு. பழைய பெயரை இன்று வேறொருவர் வைத்திருக்கலாம், பழி அவர்மேல் விழும்.

*

கேம் மூடப்படும் காலத்துப் பத்திகளுக்குத்தான் தனிக் கவனம் தேவை என்று நினைக்கிறேன். சிட்டி ஆஃப் ஹீரோஸ் மூடப்படும் என்று 2012 ஆகஸ்ட் 31 அன்று அறிவித்தார்கள். நவம்பர் 30 அன்று அணைத்தார்கள். கையில் இருந்தது மூன்று மாதம். அந்த மாதிரி சமயத்தில் வருத்தப் பத்தி ஒன்று போதும். மீதி வாரங்களில் பதிவு செய்யுங்கள்: ஒவ்வொரு வரைபடமும், கடைப் பொருட்களின் விலையும், துணைப் பாத்திரங்களின் வசனமும், நகரத்தில் ஆட்கள் கூடும் இடங்களும். சர்வர் பக்கம் இருக்கும் தரவு அணைத்த பிறகு கிடைக்காது. உங்கள் கணினியில் இருக்கும் கிளையண்ட் கோப்பில் எதிரிகளின் நடத்தையோ டிராப் பட்டியலோ பெரும்பாலும் இருக்காது. சிட்டி ஆஃப் ஹீரோஸை ரசிகர்கள் மீட்டெடுத்தார்கள், 2024 ஜனவரியில் ஹோம்கமிங் என்ற ரசிகர் குழுவுக்கு, கேமின் உரிமையாளரான என்சிசாஃப்ட் உரிமமும் கொடுத்தது. எல்லா கேமுக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

பத்தி வெளிவரும் இடமே மூடப்படுவதும் உண்டு. 2015 பிப்ரவரி 3 அன்று மாஸிவ்லி, வாவ் இன்சைடர் என்ற கேம் செய்தித் தளங்கள் இரண்டையும் அவற்றின் உரிமையாளரான ஏஓஎல் நிறுத்தியது. அங்கே எழுதியவர்கள் வாசகர் பணத்தோடு மாஸிவ்லி ஓவர்பவர்டு, பிளிஸ்ஸார்ட் வாட்ச் என்று தொடர்ந்தார்கள். ஒவ்வொரு பத்தியையும் படங்களோடு உங்கள் வட்டில் ஒரு பிரதி, வேறு இடத்தில் ஒரு பிரதி என்று வையுங்கள். கோப்புப் பெயர் ஆண்டு-மாதம்-நாள், கேம், பேட்ச் எண் என்ற வரிசையில் இருந்தால் பத்து வருடப் பத்திகளிலும் ஒன்றைத் தேடி எடுக்க அரை நிமிடம் ஆகாது.