மழைக்கு முன் வீட்டையும் காரையும் காக்க வழி சொல்லுங்கள்

குழு உறவுகளுக்கு வணக்கம். மதுரை செல்லூர்ப் பகுதியில், தாழ்வான தெருவில் எங்கள் வீடு. 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் இந்தப் பகுதி பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் சில வேலைகளை முடித்தாக வேண்டும்.

பெரிய கவலை மொட்டை மாடிதான். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில், தட்டோட்டை ஒட்டி மயிரிழை விரிசல் ஓடுகிறது. நேர் கீழே அம்மா படுக்கும் அறை. அங்கே சுண்ணாம்பு உப்பி, தொட்டாலே உதிர்கிறது. ஒரு கொத்தனார் சிமெண்டுப் பால் ஊற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர் தட்டோட்டைப் பெயர்த்துப் புதிதாகப் பதிக்கச் சொல்கிறார். நம் ஊர் வெயிலுக்குச் சிமெண்டுப் பால் மறுபடியும் வெடித்துவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்தவர்கள் இருந்தால், எத்தனை மழைக்காலம் தாங்கியது, சதுர அடிக்கு என்ன கூலி என்று தயவுசெய்து எழுதுங்கள்.

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தாலும் நனையாதபடி இன்வெர்ட்டர் பேட்டரியைச் சுவர்த் தாங்கியில் ஏற்றிவிடுவேன்.

அடுத்தது கார். தண்ணீரில் நின்றுபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு (என்ஜினுக்குள் பிஸ்டனோடு இணைந்த தண்டு) வளைந்துவிடும். அந்தச் செலவைச் சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை. என்ஜின் பாதுகாப்புக்குத் தனியாகப் பணம் கட்டியவர்களுக்கு இழப்பீடு ஒழுங்காகக் கிடைத்ததா? கனமழை எச்சரிக்கை வரும் நாட்களில் மட்டும் காரை நிறுத்த, அருகில் மேடான இடம் வாடகைக்கு இருந்தாலும் சொல்லுங்கள்.